இரண்டு வீட்டில் வெற்றிலை பாக்கு!

பெண் பிடித்திருக்கிறது என்று கூறி ஒரு வீட்டில் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டவன், அதே வாரத்தில் அடுத்த தெருவிலும் சென்று வெற்றிலை பாக்கு மாற்றினால் ஊர் என்ன சொல்லும்? திண்ணைக்குத் திண்ணை தூற்றும். தெருவில் தலைகாட்ட விடாது. அதே செயலைக் கரைவேட்டி கட்டியவர் தேர்தல் காலத்தில் செய்தால் மட்டும், ‘தலைவரின் செல்வாக்கைப் பாரீர்!’ என்று மேளம் கொட்டுகிறோமே, இது எந்த ஊர் நியாயம்?

கதிர்காமத்தில் நின்றுகொண்டு கேட்கிறோம். 2011-ஆம் ஆண்டு சட்டமன்றத் தேர்தலில், அந்த ஆண்டுதான் புதுக்கட்சி கண்ட திரு. ரங்கசாமி அவர்கள், கதிர்காமத்திலும் அருகிலேயே உள்ள இந்திரா நகரிலும் வேட்பாளரானார். இரண்டு தொகுதியிலும் மக்கள் அவரை வெற்றிபெறச் செய்தனர். முதலமைச்சர் நாற்காலியும் வந்தது. உடனே, இந்திரா நகர் உதறப்பட்டது! ஏப்ரலில் வெயிலில் வரிசையில் நின்று வாக்களித்த அந்த மக்கள், அக்டோபரில் மீண்டும் வரிசையில் நிறுத்தப்பட்டனர். அவர்கள் செய்த பிழை என்ன? அவரை நம்பியதுதான். அப்போதும் அவர்கள் சினந்து விலகவில்லை. அவருடைய கட்சிக்கே வெற்றியைத் தந்தனர். ஆதரவாளர் தம் கடன் தவறவில்லை. தவறியவர் யார் என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ?

கதிர்காமத்தாராகிய நமக்கு என்ன வருத்தம், நம்மைத்தானே அவர் வைத்துக்கொண்டார் என்பீர்கள். ஐந்தாண்டுதான்! 2016-இல் நம்மை விடுத்து, முன்பு உதறிய இந்திரா நகருக்கே சென்று வாக்குக் கேட்டார், வென்றார். 2021-இல் அதையும் விடுத்துத் தட்டாஞ்சாவடியிலும் தொலைதூர ஏனாமிலும் ஒருசேர நின்றார்.

அவர் சட்டத்தை மீறினாரா? இல்லை. அதுதான் வெட்கக்கேடு! 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் முதலில் எத்தனை தொகுதியில் வேண்டுமானாலும் நிற்கலாம் என்று கதவை அகலத் திறந்து வைத்திருந்தது. 1985-இல் ஆந்திரத்தில் என்.டி. ராமராவ் மூன்று தொகுதியில் வென்று இரண்டைத் துறந்தார். 1996-இல் கதவு பாதி சாத்தப்பட்டது: இரண்டுக்கு மேல் கூடாது என்றனர். ஏன் இரண்டு? ஒன்று என்று சொல்ல என்ன தயக்கம்? 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமோ வாக்காளனைப் பார்த்து, ஒரு தொகுதிக்கு மேல் உன் பெயர் பட்டியலில் இருக்கக் கூடாது என்று கண்டிப்புடன் ஆணையிடுகிறது. பொய் கூறிப் பெயர் பதிந்தால் சிறையும் உண்டு. குடிமகனுக்கு ஓர் ஊர், கோமகனுக்கு இரண்டு ஊர்! மன்னராட்சி மாண்டுவிட்டது என்று வகுப்பறையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நமக்கு, இந்த இடத்தில் நா தடுமாறுகிறது.

இது ஒரு கட்சியின் நோயன்று. 1991-இல் ஜெயலலிதா அவர்கள் பர்கூரை வைத்துக்கொண்டு காங்கேயத்தைத் துறந்தார். 2014-இல் நரேந்திர மோதி அவர்கள் வதோதராவைத் துறந்தார். 2024-இல் ராகுல் காந்தி அவர்கள் வயநாட்டைத் துறந்தார். மேடையில் ஒருவரையொருவர் கிழிப்பவர்கள் இந்த ஒன்றில் மட்டும் எத்துணை ஒற்றுமை பாருங்கள்!

ஒரு தொகுதியில் நின்றவரும் வாக்காளரைக் கைமாற்றியதைப் புதுவை கண்டிருக்கிறது. 2016 மே மாதம் நெல்லித்தோப்பு மக்கள் ஜான்குமார் என்பவரைத் தேர்ந்தெடுத்தனர். சட்டமன்ற உறுப்பினராகாமலே முதலமைச்சரான திரு. நாராயணசாமி அவர்களுக்காக அவர் பதவி விலகினார். நவம்பரில் மறுபடியும் வாக்குப்பதிவு. 2019-இல் அதே ஜான்குமார் காமராஜர் நகரில் நின்று வென்றார். 2021 பிப்ரவரியில் அதையும் துறந்து மாற்றுக் கட்சிக்குச் சென்றார். தொகுதி என்ன, தங்கிச் செல்லும் சத்திரமா? உறுப்பினர் தம் பதவியைத் துறக்கலாம். அவரை அனுப்பிய ஆயிரக்கணக்கானோரின் முடிவைத் துறக்க அவருக்கு உரிமை தந்தவர் யார்? நெல்லித்தோப்பாரை ஒரு சொல் கேட்டனரா?

சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துச் சின்னம் வரைந்த தோழனை எண்ணிப் பார்க்கிறோம். கூலி இழந்து, அண்டை வீட்டாரின் பகையைத் தேடி, ‘நம் ஆள் வந்தால் நம் தெருவுக்கு விடிவு’ என்று வீடு வீடாகச் சொன்னவன் அவன். வேட்பாளர் ஓடிவிட்டால், அந்த வீடுகளின் வாசலில் நின்று விடை சொல்ல வேண்டியவனும் அவனே. தலைவருக்கு இன்னொரு தொகுதி இருக்கிறது. தொண்டனுக்கு இன்னொரு தெரு இல்லை.

தலைவர் தோற்றுவிட்டால் கட்சி என்னாவது என்று கேட்போர் உண்டு. தோற்கட்டுமே! தோல்விக்கு அஞ்சுபவர் மக்களிடம் ஏன் வருகிறார்? மக்கள் ஏற்றுக்கொள்கிறார்களே என்போருக்கு ஏனாம் விடை கூறிவிட்டது: 2021-இல் அந்த ஊரார் தலைவரைத் தோற்கடித்துச் சுயேச்சை ஒருவரை அனுப்பினர்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நம் பாட்டன்மார் பிரெஞ்சுக் கொடியின்கீழ் வாழ்ந்த காலத்தில், 1889-இல், பூலாஞ்சே என்ற தளபதி பிரான்சில் தொகுதி தொகுதியாக நின்று செல்வாக்குக் காட்டித் திரிந்தார். பாரிசு நாடாளுமன்றம் உடனே சட்டம் இயற்றியது: ஒருவருக்கு ஒரு தொகுதியே! முடியரசுக் கனவினரை அடக்க அவர்கள் போட்ட பூட்டு அது. நம் நாட்டிலோ, 2004-இல் தேர்தல் ஆணையம் கேட்டது. 2015-இல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. 2023-இல் உச்சநீதிமன்றம், இது நாடாளுமன்றத்தின் வேலை என்று கைவிரித்தது. நாடாளுமன்றத்தில் அமர்ந்திருப்பவர் யார்? இரு வீட்டில் வெற்றிலை பாக்கு மாற்றுபவரும் அவர்தம் தோழர்களுமே!

எனவே சட்டம் வரும்வரை நாம் காத்திருக்கப் போவதில்லை. இரண்டு தொகுதியில் மனுப்போடும் எவரும், வென்றால் எதை வைத்துக்கொள்வேன் என்று வாக்குப்பதிவுக்கு முன்பே எழுத்தில் அறிவிக்கட்டும். விடும் தொகுதியின் இடைத்தேர்தல் செலவைத் தம் கட்சியின் பெட்டியிலிருந்து கட்டட்டும். ஒரு தொகுதியில் நிற்பவரோ, ஐந்தாண்டு முடியுமுன் விலகுவதாயின் முதலில் தொகுதி மக்களைக் கூட்டி அவர்கள் முகத்தைப் பார்த்துக் காரணம் சொல்லட்டும். கதிர்காமத்து இளைஞர்களே, அடுத்த முறை ஆரத்தித் தட்டை எடுக்குமுன் வேட்பாளரின் வண்டியை நிறுத்தி இதைக் கேளுங்கள். விடை வரும்வரை வண்டிக்கு வழிவிடாதீர்கள்.