ட்ரோன் வாங்கினால் போதுமா?

2025 மே மாதச் சண்டைக்குப் பிறகு அனுமந்தன்பட்டி டீக்கடை பெஞ்சிலும் ஒரே பேச்சுதான். "இனி எல்லாம் ட்ரோன்தான். சிப்பாய்க்கு வேலை இல்லை. பணத்தைக் கொட்டி வாங்கிப் போட்டால் முடிந்தது." டிவியில் வந்து உட்காருகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. புது ஆயுதத்துக்கு ஈடுகொடுக்கும் வித்தை கடையில் கிடைக்காது. அடிபட்டவன் கற்றதை அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடுத்தால்தான் வரும்.

நம் வயதுக்காரர்களுக்கு 1987 மறந்திருக்காது. ஜூலை 29-இல் ராஜீவ் - ஜெயவர்த்தனா ஒப்பந்தம். அமைதி காக்கப் போன நம் படை, அக்டோபரில் புலிகளோடு சண்டையில் இறங்கியது. 11-ஆம் தேதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் போய் இறங்கிய சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி வீரர்கள் 30 பேர். அதில் 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். புலிகள் நம் வயர்லெஸ் பேச்சை ஒட்டுக்கேட்டு முன்கூட்டியே காத்திருந்தார்கள். ரோட்டுக்கு அடியில் கண்ணிவெடி வேறு.

"இப்படிப்பட்ட எதிரி நமக்குப் புதிது" என்று அன்றைக்குச் சமாதானம் சொன்னார்கள். எப்படிப் புதிதாகும்? நாகாலாந்திலும் மிசோரமிலும் வருஷக்கணக்கில் கெரில்லாக்களோடு மோதிய ராணுவம் இது. அந்தச் சண்டையைச் சொல்லித்தரவே மிசோரமில் வைரெங்தே என்ற ஊரில் 1970 முதல் ராணுவப் பள்ளி நடக்கிறது. பாடம் கையில் இருந்தது. போகிறவனுக்கு அது போய்ச் சேரவில்லை.

பிறகு களத்திலேயே கற்றார்கள். பல்கலைக்கழகப் பக்கம் சிக்கிய கமாண்டோக்களை மீட்கப் போன டாங்கிகள், கண்ணிவெடி ரோட்டை விட்டுவிட்டு ரயில் தண்டவாளம் வழியாகப் போயின. அந்த யோசனை டெல்லியில் பிறக்கவில்லை, டாங்கிக்குள் இருந்தவனுக்குத்தான் வந்தது. ஆனால் கற்பதற்குக் கொடுத்த விலை? 1990 மார்ச்சில் திரும்புவதற்குள் 1,100-க்கு மேற்பட்ட வீரர்கள் போய்விட்டார்கள். எதிரி எவன், ஊர்க்காரன் எவன் என்று பிரித்தறியாத படையிடம் ஜனங்களும் செத்தார்கள். 1987 அக்டோபர் 21-இல் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் டாக்டர்கள், நர்சுகள், நோயாளிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையும் சேர்த்துத்தான் கணக்கு எழுத வேண்டும்.

ட்ரோன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாராளமாக வாங்கட்டும். ஆனால் 2025 மே மாதம் பாகிஸ்தான் ட்ரோன்களைச் சுட்டதில் எல்-70 பீரங்கிக்கும் பங்குண்டு. அது 1960-களில் நம் ராணுவத்துக்கு வந்த பழைய பீரங்கி, பார்வைக் கருவிகளையும் புதுப்பித்திருந்தார்கள். உக்ரைனில் ட்ரோனைத் தடுக்க ரோட்டுக்கு மேலே மீன்வலை கட்டுகிறார்கள். இதெல்லாம் பணத்தால் வந்த புத்தியா?

நம்ம பக்கம் மலையடிவாரத் தோட்டங்களில் காட்டுப்பன்றிக்குப் பழைய சேலை கட்டுகிறோம். கொஞ்ச நாளில் பன்றிக்கு அது பழகிவிடும். அப்புறம் வேறு வழி பார்க்கிறோம். எதிரியும் அப்படித்தான். இன்று வாங்கிய ட்ரோனுக்கு நாளை அவனும் ஒரு மாற்று வைத்திருப்பான்.

அதனால் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் என்ன தவறியது, யார் எப்படிச் சமாளித்தார்கள் என்பதை ஒளிவுமறைவு இல்லாமல் அரசு எழுதி வெளியிட வேண்டும். நம் பகுதியில் இருக்கும் முன்னாள் ராணுவத்தினரும், அங்கே பார்த்ததைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லியாவது எழுதி வைக்கச் சொல்லுங்கள். அன்றைய ஹவில்தார்களுக்கு இப்போது எழுபது வயதாகிறது.