காளிகாட் பொற்காசும் நம் வீட்டுச் செப்புக்காசும்

கோல்பார்க் நடைபாதையில் உள்ள பழைய புத்தகக் கடைகளில் எப்போதாவது பழைய சுவரொட்டிகளும் விலைக்கு வரும். அண்மையில் பார்த்த ஒன்று, ஏதோ ஓர் அருங்காட்சியகம் பல்லாண்டுகளுக்கு முன் நடத்திய நாணயக் கண்காட்சிக்கு அச்சிட்டது. வில்லேந்திய குப்த மன்னனின் பொற்காசைச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். வம்சத்தின் பெயர் இருந்தது, உலோகம் இருந்தது. எந்த ஊரில் கிடைத்தது என்பது மட்டும் இல்லை. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் போட்டிருக்க வேண்டும்.

கரியாஹாட்டில் வசிக்கும் நமக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல. ராஷ்பிஹாரி அவென்யூ வழியே மேற்கே போனால் வரும் அதே காளிகாட்டில் 1783-இல் ஏறத்தாழ 200 குப்தர் பொற்காசுகள் கிடைத்தன. அவை நவகிருஷ்ண தேவ் மூலம் வாரன் ஹேஸ்டிங்ஸிடம் சேர்ந்தன. அவர் லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்களுக்கு அனுப்பிவைத்தார். பிரிட்டிஷ் மியூசியத்துக்குச் சில, வேறு சேகரிப்புகளுக்குச் சில போயின. மிச்சம் உருக்கப்பட்டிருக்கும் என்றே அறிஞர்கள் கருதுகிறார்கள். குப்தர் என்றொரு வம்சம் இருந்ததே அன்றைய ஐரோப்பிய அறிஞர்களுக்குத் தெரியாது. தெரியாத பொருளுக்கு எடைதானே மதிப்பு!

பின்னர் இதே கல்கத்தாவில், நாணயச் சாலை அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் பிரின்செப் 1837-இல் பிராமி எழுத்தைப் படித்துக் காட்டினார். அந்தத் திறவுகோல் இல்லாமல் நம் சங்ககாலக் காசுகளும் பேசியிருக்க மாட்டா. 'பெருவழுதி' என்ற பெயர் பொறித்த சதுரச் செப்புக்காசை 1980-களில் இரா. கிருஷ்ணமூர்த்தி அறிவித்தபோது, பாட்டிலே மட்டும் கேட்டிருந்த பாண்டியர் பெயர் கையில் எடுத்துப் பார்க்கும் பொருளாயிற்று. சேரர் தலைநகரான வஞ்சி எது, கரூரா கொடுங்கல்லூரா என்று நெடுங்காலம் சண்டை. கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்த சேரர் காசுகள் கரூர்க் கட்சிக்குப் பெரிய பலம் தந்தன. அவை கிடைத்த இடத்தை யாரும் குறித்து வைக்காமல் போயிருந்தால் அந்தச் சாட்சியம் ஏது?

நம் வீடுகளுக்கு வருவோம். பூஜை அலமாரியிலோ டிரங்குப் பெட்டியிலோ அம்மன் காசு ஒன்றிரண்டு இல்லாத புதுக்கோட்டைக் குடும்பம் அபூர்வம். சமஸ்தானம் நவராத்திரியில் அரிசியோடு வழங்கிய சின்னஞ்சிறு செப்புக்காசு அது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. தாத்தா காலத்தில் மதிப்புத் தெரிந்திருந்தது. வீடு மாற்றும்போது பித்தளைப் பாத்திரத்தோடு எடைக்குப் போட்டுவிடுகிறவர்களையும் நான் பார்க்கிறேன். அந்தக் காலத்துக் கம்பெனிக்காரர்களையாவது தெரியாதவர்கள் என்று விட்டுவிடலாம்.

காசை விற்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. அது அவரவர் பாடு. ஒரு துண்டுக் காகிதத்தில் எந்த ஊர்க் காசு, யாரிடமிருந்து வந்தது, எப்போது வந்தது என்று எழுதி, காசோடு உறையில் போட்டு வைப்பதற்குச் செலவொன்றும் இல்லை. தமிழில் எழுதுங்கள். நம் பிள்ளைகளில் பலருக்கு வங்காளிதான் சரளம் என்பதால் வங்காளியிலும் எழுதுங்கள். நவராத்திரிக்குக் கொலுப் பெட்டியை இறக்கும் நாள் இதற்குத் தோது. ஊரிலிருந்து பாட்டி வந்திருந்தால், பொம்மையை அடுக்கிக்கொண்டே கேட்டு எழுதிவிடலாம்.