மியூட்ல வச்சிருக்கேன் சார்!

கலவையில் ஒரு டீக்கடை. டிவியில் ஐ.பி.எல். ஓடிக்கொண்டிருக்கிறது. கடைக்காரரோ சத்தத்தைச் சுத்தமாக நிறுத்திவிட்டு, செல்போனில் இளையராஜா பாட்டு போட்டிருந்தார்.

‘‘ஏங்க, கமென்ட்ரி தமிழ்லதானே வருது?’’ என்றேன்.

‘‘அதனாலதான் சார் மியூட்ல வச்சிருக்கேன்!’’

அப்படி என்னதான் வருகிறது? பந்து கூட்டத்துக்குள் விழுவதை நாமே பார்க்கிறோம். அதையே மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்திச் சொல்கிறார்கள். நடுவில் ஒரு சினிமா பஞ்ச் டயலாக். மாஜி வீரர் ஒருவர், பந்து ஏன் திரும்பியது என்று விளக்க ஆரம்பிப்பார். நமக்கும் சுவாரசியம் தட்டும். அதற்குள் பக்கத்து மைக்கில் ஒரு கடி ஜோக்!

ராணிப்பேட்டை டேனரியில் மேஸ்திரியாக இருந்தவர் என் பெரியப்பா. சேப்பாக்கம் மைதானத்தில் கால் வைத்ததில்லை. ஆனால் அண்ணா பெவிலியன் எங்கே, பட்டாபிராமன் கேட் எங்கே என்று அத்துப்படி. எல்லாம் டிரான்சிஸ்டர் உபயம். திண்ணையில் புளியங்கொட்டைகளைப் பரப்பி வைத்திருப்பார். வர்ணனையாளர் சொல்லச் சொல்ல ஸ்லிப், கல்லி, மிட் ஆன் என்று கொட்டைகள் நகரும். 1988 பொங்கல் டெஸ்டில் ஹிர்வானி மேற்கிந்தியத் தீவுகளின் 16 விக்கெட்டுகளைச் சாய்த்ததை எட்டு வயதில் அந்தக் கொட்டைகளில்தான் ‘பார்த்தேன்’. சொல்கிற ஆள் ஒரு ஃபீல்டரை மறந்தால், பெரியப்பாவின் மைதானத்தில் ஓட்டை விழும். வார்த்தைக்கு அவ்வளவு வேலை இருந்தது.

இப்போது காசுக்குக் குறைவா? பி.காம். படித்த புத்தி, கணக்குப் போடாமல் இருக்காது. 2023 முதல் 2027 வரை ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய். ஏலத்தில் சொன்னபடி 410 மேட்ச். ஒரு மேட்ச் 118 கோடி. பந்து ஒன்றுக்குச் சுமார் 49 லட்சம். (வைடும் நோ பாலும் இலவசம்!) இவ்வளவு கொட்டிக் கொடுத்து வாங்கியவர்கள், தமிழில் பேசுகிறவருக்குக் கொஞ்சம் ஹோம் ஒர்க் கொடுக்கக்கூடாதா?

அமெரிக்காவைப் பாருங்கள். டாட்ஜர்ஸ் அணியின் பேஸ்பால் ஆட்டங்களை வின் ஸ்கல்லி 67 சீசன் வர்ணித்தார். அவரைப் பற்றித் தனிப் புத்தகமே இருக்கிறது. அதை எழுதிய கர்ட் ஸ்மித், பேஸ்பால் வர்ணனையாளர்களின் வரலாற்றையே 1987-ல் தடித்தடியாக எழுதியவர். அங்கே மைக் பிடித்தவனுக்கும் சரித்திரம் உண்டு.

இங்கே? சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் வானொலியில் கிரிக்கெட்டைத் தமிழில் பேசியவர். 2020-ல் காலமானார். தன் கதையை ‘காற்று வெளியினிலே’ என்று அவரேதான் எழுதவேண்டி வந்தது. அதுவும் இல்லாவிட்டால், புதிதாக மைக் பிடிக்க வரும் பையன் எதைப் படித்துக் கற்றுக்கொள்வான்? சினிமா பார்த்துத்தான் பேசுவான். பேசுகிறான்.

சேனல்காரர்களே, அரைப் பந்தின் காசு போதும். மிச்சம் மீதி இருக்கும் பழைய ஒலிநாடாக்களைத் தேடி எடுங்கள். அந்த மனிதர்களைப் பற்றி யாரையாவது எழுத வையுங்கள். அதுவரைக்கும் ஒரே ஒரு ஓவர், ஜோக்கை விட்டுவிட்டு, கேமராவில் தெரியாத ஃபீல்டர் எங்கே நிற்கிறான் என்று மட்டும் சொல்லுங்கள். கலவைக்காரர் பாட்டை நிறுத்துகிறாரா, பார்ப்போம்.