மீனுக்குக் கணக்கு உண்டு, நமக்கு?

தோட்டத்துச் சொந்தங்களே!

ஒரு காட்டில் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்று அறிய இன்று ஒரு போத்தல் ஆற்றுத் தண்ணீர் போதும். மீனின் வழுவழுப்பு, விலங்கின் சிறுநீர், உதிர்ந்த தோல் எல்லாம் நீரில் கலந்திருக்கும். அதை வடிகட்டி, ஒட்டியிருக்கும் மரபணுவைப் பெருக்கி, முன்பே பதிவானவற்றோடு ஒப்பிடுகிறார்கள். இதுதான் சுற்றுச்சூழல் மரபணுச் சோதனை. பிரிட்டனில் 2014 முதல் குளத்தில் ஓர் அரிய உயிரினம் இருப்பதற்கு இதை அரசே சான்றாக ஏற்கிறது.

நல்ல அறிவியல்தான். வரட்டும்! ஆனால் போத்தல் யார் கையில்?

நெகிரி செம்பிலான் பாசோ காட்டில் 50 ஹெக்டரில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களை எண் போட்டுக் கணக்கெடுத்திருக்கிறார்கள். தோட்டம் துண்டாடப்பட்டு வெளியேறிய நம் குடும்பங்களுக்கு யார் எண் போட்டார்கள்?

செம்பனை எண்ணெய்க்கு ஆர்.எஸ்.பி.ஓ. சான்றிதழ் வாங்கும் கம்பெனி, பாதுகாக்க வேண்டிய ஆறு வகை மதிப்புகளை அடையாளம் காட்ட வேண்டும். முதல் வகை அரிய உயிரினங்கள். ஐந்தாவது, தண்ணீர் போன்ற மக்களின் அடிப்படைத் தேவை. ஆறாவது, பண்பாட்டு இடங்கள். நம் கோயிலையும் இடுகாட்டையும் அந்த ஆறாவது வகையில் கேட்க நமக்கு இடமுண்டு. முதல் வகைக்கு மரபணுச் சோதனை. ஐந்துக்கும் ஆறுக்கும் ஒப்புக்கு ஒரு கையெழுத்தா?

இன்னொன்றையும் கவனியுங்கள். மரபணு நீரோட்டத்தோடு கீழே வரும். காட்டு எல்லையில் முகந்த தண்ணீர் காட்டு விலங்கைத்தான் காட்டும். தோட்டத்து ஆறு செத்துக் கிடந்தாலும் அறிக்கை அழகாக இருக்கும். களைக்கொல்லி கலந்திருக்கிறதா என்பதை இந்தச் சோதனை சொல்லாது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும். பாராகுவாட்டை நினைத்துப் பாருங்கள். 2002இல் தடை என்றார்கள், 2006இல் தளர்த்தினார்கள், 2020இல்தான் முழுத் தடை வந்தது. அத்தனை ஆண்டும் மருந்து அடித்தவர்கள் நம் பெண்கள்!

ஆகவே கேளுங்கள்: லிங்கி ஆறானாலும் தோட்டத்து ஓடையானாலும், லயத்துக்குக் கீழேயும் தண்ணீர் எடுக்க வேண்டும். எடுக்கும்போது நம்மில் ஒருவர் உடனிருக்க வேண்டும். நச்சுச் சோதனையும் சேர்த்துச் செய்ய வேண்டும். முடிவைத் தமிழில் தர வேண்டும்.

வாயால் கேட்காதீர்கள். எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரை வாங்குங்கள். நாளை வழக்கென்று வந்தால் பேசப்போவது அந்தக் காகிதம்தான்.

நீர்நாய் வாழட்டும். நாமும் வாழ வேண்டும்!