வரைந்த கை நின்றபின்: வாஷியிலிருந்து ஒரு கோரிக்கைச் சாசனம்

மத்திய அரசுக்கும், மகாராஷ்டிர, தமிழ்நாடு அரசுகளுக்கும், நவிமும்பை மாநகராட்சிக்கும், படக்கதை வெளியிடும் பதிப்பகங்களுக்கும் வாஷி, செம்பூர், மாட்டுங்கா, தாராவித் தமிழர்களாகிய நாங்கள் வைக்கும் கோரிக்கைகள் இவை. எங்களில் வாசகர்கள் உண்டு. வரைந்து பிழைப்பவர்களும் உண்டு.

படக்கதை நாயகன் சுப்பாண்டி நம் ஊர்ப் பிள்ளை. திருச்சி வாசகர் பி. வரதராஜன் அனுப்பிய கதைகள் வழியாக 1983-இல் ‘டிங்கிள்’ சிறுவர் இதழுக்குள் வந்தவன். அவனுக்கு முகமும் நடையும் கொடுத்தவர் ஓவியர் ராம் வாயீர்கர். அவர் 2003-இல் மறைந்தார். சுப்பாண்டி மறையவில்லை. வாயீர்கரின் மகள் அர்ச்சனா ஆம்பேர்கர் அவனைத் தொடர்ந்து வரைந்தார். மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடையில் பழைய ‘டிங்கிள்’ புரட்டும் பிள்ளைக்கு இந்தக் கைமாற்றம் தெரியவே தெரியாது. அந்த வீட்டில் வரையத் தெரிந்த இன்னொரு கை இருந்தது. எல்லா வீட்டிலும் இருக்குமா?

ஜப்பானில் ‘பெர்செர்க்’ படக்கதையை முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரைந்த கென்டாரோ மியூரா, 2021 மே 6 அன்று இதயப் பெருந்தமனி கிழிந்து இறந்தார். வயது 54. கதை பாதியில் நின்றது. அதன் முடிவை அவர் வாயாலேயே கேட்டிருந்த நண்பர் கோஜி மோரியும், அவரிடம் வேலை பார்த்த உதவி ஓவியர்களும் சேர்ந்து 2022-இல் அதைத் தொடர்ந்தார்கள். நம் ஓவியர்களில் பெரும்பாலோர் உதவியாளர் வைத்துக்கொள்ளும் நிலையில் இல்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி, ராத்திரியெல்லாம் இங்க் போட்டு, காலையில் ஸ்கேன் செய்து அனுப்புகிறவர்கள். அப்படி ஒருவர் திடீரென்று போய்விட்டால், எந்தப் பதிப்பகத்தில் எத்தனை பக்கம் இருக்கிறது, எவ்வளவு பாக்கி என்பது மனைவிக்குத் தெரியாது. தெரிந்தாலும் காட்ட ஒரு தாள் இருக்காது.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை அந்தத் தாள்தான். எழுத்தில் ஒப்பந்தம் போடாமல் ஒரு பக்கமும் வாங்கக் கூடாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, வேறு உடன்பாடு இல்லாதவரை, இதழில் சம்பளத்துக்கு வரைபவரின் படத்தை இதழில் அச்சிடும் உரிமையை மட்டுமே உரிமையாளருக்குத் தருகிறது. மற்ற உரிமை வரைந்தவருக்கே. 19-ஆம் பிரிவின்படி, காலம் குறிப்பிடாமல் எழுதிக்கொடுத்த உரிமை ஐந்தாண்டில் முடிகிறது. வரைந்தவர் இறந்து 60 ஆண்டுவரை பதிப்புரிமை உயிரோடிருக்கிறது. சட்டம் இவ்வளவு சொல்லியிருந்தும், எழுத்தில் எதுவும் இல்லாத வீட்டுக்கு அதனால் பயனில்லை. ஒப்பந்தத்தில் வாரிசின் பெயரும், மறுபதிப்பு, பொம்மை, அனிமேஷன் வருமானத்தில் பங்கும் இருக்க வேண்டும்.

2012-இல் சட்டத்தைத் திருத்தியபோது, சினிமாவுக்குப் பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் எழுதிக்கொடுத்தாலும் இழக்க முடியாத ராயல்டி உரிமையைப் பெற்றார்கள். நியாயமான வெற்றி அது. படக்கதை ஓவியருக்கும் அதே பாதுகாப்பு வேண்டும். மத்திய அரசு இதற்காக மறுபடியும் சட்டத்தைத் திறக்க வேண்டும்.

பெயர் போடுங்கள். 1972-இல் முத்து காமிக்ஸ் தமிழுக்குக் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியை ஒரு தலைமுறையே நெஞ்சில் வைத்திருக்கிறது. அந்த இரும்புக்கையை வரைந்த ஸ்பெயின் ஓவியர் ஹேசுஸ் பிளாஸ்கோவை எத்தனை பேருக்குத் தெரியும்? மூலம் வெளியான பிரிட்டிஷ் இதழ்களே அன்று ஓவியர் பெயர் போடுவதில்லை. இங்கே 57-ஆம் பிரிவு, படைத்தவர் என்று உரிமை கோரும் உரிமையைத் தருகிறது. இறந்தபின் வாரிசும் கோரலாம். வரைந்தவர், வண்ணம் தீட்டியவர், எழுத்துப் பொறித்தவர் எல்லார் பெயரும் முதல் பக்கத்தில் வரவேண்டும், மறுபதிப்பிலும்.

நவிமும்பை மாநகராட்சியிடம் ஒன்று கேட்கிறோம். ஓவியர் போனபின் ஒரிஜினல் பக்கங்கள் கட்டிலுக்கடியில் கிடந்து, வீடு மாறும்போது கிலோக் கணக்கில் பழைய பேப்பர் வாங்கும் ரத்திக் கடைக்குப் போகின்றன. மீதமிருப்பதைக் கழிமுகக் காற்றும் நான்கு மாத மழையும் பூஞ்சை பிடிக்க வைக்கின்றன. வாஷியில், ஈரப்பதம் கட்டுப்படுத்திய ஓர் அறை வேண்டும். மராத்தி, தமிழ், இந்தி என்று பார்க்காமல் குடும்பங்கள் பக்கங்களைப் பாதுகாக்கக் கொடுக்கலாம்; உடைமை குடும்பத்துடையதாகவே இருக்கும். சிட்கோ கண்காட்சி மையத்தில் ஆண்டுக்கொரு முறை அவற்றைக் காட்சிக்கு வையுங்கள்.

இரு மாநில அரசுகளும் தனியாக வரைந்து வாழும் ஓவியர்களுக்கு மருத்துவக் காப்பீடும், எதிர்பாராத மரணத்தில் குடும்ப நிதியும் தர வேண்டும். தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. படக்கதை ஓவியரை அதுபோன்ற ஒரு வாரியத்தில் சேர்ப்பதற்கு என்ன தடை?

சட்டத் திருத்தத்துக்கும் வாரியத்துக்கும் காலம் பிடிக்கும் என்பதை அறிவோம். ஒப்பந்தத் தாளுக்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. அடுத்த இதழுக்கான பக்கங்களை வாங்கும்போதே பதிப்பகங்கள் அதைத் தொடங்க வேண்டும். ஏற்கெனவே மறைந்தவர்களின் குடும்பங்களுக்கு உள்ள பாக்கியையும் கணக்கெழுதி அனுப்ப வேண்டும்.