மாலை போட்டால் போதுமா?



கும்பகோணத்தில் எங்கள் தெருவில் போன மாதம் ஒரு பழைய ஓட்டு வீட்டை இடித்தார்கள். கதைகள் எழுதியவர் ஒருவர் வாழ்ந்த வீடு. ரேழிக் கதவும் தேக்குத் தூண்களும் ஒரே மத்தியானத்தில் லாரி ஏறிவிட்டன. விற்ற பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன்; ஓடு மாற்றக்கூட ஆள் கிடைக்காத காலம். இடிக்காதீர்கள், நாங்கள் வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்ல ஒருவரும் வரவில்லையே என்பதுதான் என் ஆத்திரம்.

இது புதிதல்ல. உ.வே.சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை இந்த ஊர்க் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். அங்கே தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெறும்போது தம் வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்தவர் தியாகராச செட்டியார். அந்த நன்றியில்தான் ஐயர் தம் திருவல்லிக்கேணி வீட்டுக்குத் 'தியாகராஜ விலாசம்' என்று பெயர் வைத்தார். அந்த வீட்டை 2012இல் இடித்துவிட்டார்கள். அதற்கு முந்தைய வருடம் மைசூரில் எழுத்தாளர் ஆர்.கே.நாராயண் வீட்டையும் இடிக்கத் தொடங்கினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தி, சீர்செய்து, 2016இல் காட்சியகமாகத் திறந்தார்கள். அங்கே முடிந்தது இங்கே முடியவில்லை.

ஆனால் காட்சியகம் என்றாலும் எனக்குப் பாதி சந்தோஷம்தான். வீடு என்றால் அடுப்பு எரிய வேண்டும். ஜெர்மன் எழுத்தாளர் ஹைன்ரிஷ் போல் அயர்லாந்தின் அக்கில் தீவில் வைத்திருந்த சிறு வீட்டில், 1992 முதல் எழுத்தாளர்களும் ஓவியர்களும் முறைவைத்துத் தங்கி வேலை செய்கிறார்கள்.

அப்படியொரு வீடு கும்பகோணத்துக்கும் வேண்டும். எழுத்தாளர்கள் ந.பிச்சமூர்த்தியும் கு.ப.ரா.வும் பிறந்த ஊர் இது. சரிகை வியாபாரம் பார்த்தபடியே எம்.வி.வெங்கட்ராம் எழுதிய ஊர். தி.ஜானகிராமன் கல்லூரியில் படித்த ஊர். சாரங்கபாணி சன்னிதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வீட்டைச் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் பேணிவருகிறது. கணக்குக்கு ஒரு வீடு இருக்கும்போது கதைக்கு ஒன்று கூடாதா?

2021இல் அறிவித்த 'கனவு இல்லம்' திட்டத்தில், பெரிய விருது பெற்ற எழுத்தாளர்களுக்கு அரசு வீடு தருகிறது. நல்ல காரியம். ஆனால் விருது வருவதற்குள் தலை நரைத்துவிடும். என் தம்பி மகள் நாவல் எழுதுகிறாள். இரண்டு அறை வாடகை வீடு, ஐந்து பேர். டிவி அணைந்த பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து கைபேசியில் தட்டுகிறாள். கொசுவர்த்தி ஒன்று தீரும்வரைதான் அவளுக்கு நேரம். இந்த வயதில் அவளுக்குச் சொந்த வீடு வேண்டாம். சாத்திக்கொள்ளக் கதவுள்ள ஓர் அறை, மூன்று மாதம் கிடைத்தால் போதும்.

டெல்டாவில் விற்பனைக்கு வரும் எழுத்தாளர் வீடு ஒன்றையாவது அரசு நியாய விலைக்கு வாங்கட்டும். முற்றத்தையும் திண்ணையையும் இடிக்காமல் ஓடுகளை மட்டும் மாற்றட்டும். ஒரு நேரத்தில் இருவர் இலவசமாகத் தங்கலாம். சமையலை ஊர் மகளிர் குழு பார்த்துக்கொள்ளும். வாடகைக்குப் பதிலாகத் தங்குபவர் வாரம் ஒரு நாள் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளோடு கதை பேசட்டும். சிபாரிசுக் கடிதம் மட்டும் வேண்டாம். எழுதியதைப் படித்துப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்கட்டும். சம்பா நடவுக்கு வருகிறவருக்கு அறுப்புக்குள் பாதி நாவலாவது தேறும்.

எங்கள் தெரு மனையில் இப்போது செங்கல் இறங்கிக்கொண்டிருக்கிறது. மற்ற தெருக்களில் இன்னும் சில வீடுகள் நிற்கின்றன. செட்டியார் தம் வேலையையே அடுத்தவருக்குக் கொடுத்தார். நாம் ஓர் அறை கொடுக்கக் கூடாதா?

— ஓய்வுபெற்ற தமிழாசிரியை, கும்பகோணம்