இஸ்ரவேலும் இஸ்ரேலும்: ஒரு வேதவசனத்தின் அரசியல்

பெரிய வெள்ளியன்று கத்தோலிக்க ஆலயங்களில் சொல்லப்படும் பொது மன்றாட்டுகளில் ஒன்று யூத மக்களுக்கானது. யாழ்ப்பாணம், மன்னார் ஆலயங்களிலும் அது ஆண்டுதோறும் ஒலிக்கிறது. அதன் பழைய இலத்தீன் வடிவம் யூதர்களை விசுவாசமற்றவர்கள் என்றது. 1959இல் பாப்பரசர் 23ஆம் அருளப்பர் அந்தச் சொல்லை நீக்கினார். 1970ஆம் ஆண்டு வழிபாட்டு நூலிலோ, அவர்கள் தமது உடன்படிக்கையில் நிலைத்திருக்க வேண்டும் என்பதே மன்றாட்டாகிவிட்டது.

யேசுவை ஏற்காத யூதர்களைக் கடவுள் கைவிட்டார், அவர்களின் இடத்தைத் திருச்சபை எடுத்துக்கொண்டது என்றே பல நூற்றாண்டுகளாகப் போதிக்கப்பட்டது. ஐரோப்பாவில் யூத வெறுப்பு வேரூன்ற இந்தப் போதனையும் உரமிட்டது. சுமார் 60 இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட பின்னரே திருச்சபை தன்னைத் திரும்பிப் பார்த்தது. 1965 ஒக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட பிரகடனம், யேசுவின் மரணப் பழியை யூத இனத்தின் மீது சுமத்த முடியாது என்றது. அதற்கு ஆதாரம் ரோமர் 11ஆம் அதிகாரம்: கடவுள் தமது மக்களைத் தள்ளிவிடவில்லை என்கிறார் பவுல்.

காலம் கடந்து வந்தாலும் இது நியாயமான திருத்தம். சிக்கல் அதே வசனங்களை வேறு விதமாகக் கையாள்வோரிடம் இருக்கிறது. யூதர்கள் புனித பூமிக்குத் திரும்பினால்தான் இறுதிக்காலத் தீர்க்கதரிசனம் நிறைவேறும் என்ற வாசிப்பு, 19ஆம் நூற்றாண்டில் ஜோன் நெல்சன் டார்பி போன்ற பிரித்தானியப் போதகர்களால் பரவி, அமெரிக்காவில் பெரும் அரசியல் பலமாக வளர்ந்தது. 2018 மே 14 அன்று அமெரிக்கத் தூதரகம் ஜெருசலேமில் திறக்கப்பட்டபோது ஆசீர்வாத ஜெபம் செய்தவர் இந்த அணியின் முன்னணிப் போதகர் ஜோன் ஹேஜி. அதே நாளில் காஸா எல்லையில் ஆர்ப்பாட்டம் செய்த பலஸ்தீனர்கள் பல பத்துப்பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர்.

ஒரு மக்களைக் கடவுள் கைவிடவில்லை என்பது ஒன்று. அந்த மக்களின் பெயரால் இயங்கும் அரசை யாரும் கேள்வி கேட்கக்கூடாது என்பது முற்றிலும் வேறொன்று. வத்திக்கானே 1985இல் இதைப் பிரித்துச் சொன்னது: இஸ்ரேல் அரசை மதக் கண்ணால் அல்ல, சர்வதேச சட்டத்தின் பொதுக் கோட்பாடுகளால் நோக்க வேண்டும். தமிழில் இந்த வேறுபாடு எழுத்திலேயே உண்டு. புரட்டஸ்தாந்து வேதாகமத்தில் இருப்பது இஸ்ரவேல். செய்தியில் வருவது இஸ்ரேல். சில பிரசங்கங்களைக் கேட்டால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

இந்தக் குழப்பத்திற்கு விலை கொடுப்போரில் கிறிஸ்தவர்களும் உண்டு. ஹேஜி தமது அமைப்பைத் தொடங்கிய 2006இலேயே ஜெருசலேமின் நான்கு திருச்சபைத் தலைவர்கள் கிறிஸ்தவ சியோனிசத்தை நிராகரித்து அறிக்கை வெளியிட்டனர். 2023 ஒக்டோபரில் காஸாவின் புனித போர்பீரியஸ் ஆலய வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தோர் குண்டுவீச்சில் மாண்டனர். 2025 ஜூலையில் அங்குள்ள ஒரே கத்தோலிக்க ஆலயமும் தாக்குதலுக்குள்ளாகி மூவர் இறந்தனர். நவாலியை மறவாத எமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு வழுக்கலும் உண்டு. காஸாவுக்காகக் கொதிக்கும் சிலர், ‘யேசுவைக் கொன்றவர்கள்தானே’ என்று பேசத் தொடங்குகிறார்கள். பலஸ்தீனர்களுக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. பெத்லகேமில் 2023 நத்தாரின்போது குழந்தை யேசுவை இடிபாடுகளுக்குள் கிடத்திய பலஸ்தீனப் போதகர் முந்தர் ஐசக், தமது வாதத்தை அந்தப் பழிச்சொல்லின் மீது கட்டவில்லை. வேதத்தைக் காட்டிக் குண்டுக்கு நியாயம் கற்பிக்கும் மேற்குலகத் திருச்சபைகளைத்தான் அவர் கேள்வி கேட்டார்.